குங்குமப் பொட்டலத்தில் போன சாவி

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மாடியில் காயப்போட்ட வேட்டி கோவிந்தா.

இந்த நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம்: இனி எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

என் கம்ப்யூட்டர், மயிலாப்பூரின் கடைசிக் கோட்டை, தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு, என்னையே யார் என்று கேட்கிறது. நீலத் திரை. மீட்புச் சாவி வேண்டுமாம். 48 எண்கள். போன மாதம் ஃபைல்களையெல்லாம் பூட்டியது நான்தான். உலகத் திருடர்கள் அத்தனை பேரும் கச்சேரி ரோட்டில் வரிசை கட்டி நிற்பதாக நினைப்பு. சாவியை இணையத்தில் வைக்கட்டுமா என்று அது கேட்டது. திருடன் கையிலேயே கொடுப்பதா? மறுத்துவிட்டு, ஏதோ ஒரு தாளில் எழுதினேன். எந்தத் தாள்?

உள்ளே இருப்பவை: கரண்ட் பில், என் ஜாதகம், கமலா. அதாவது என் மனைவியின் குரல். இருபது வருஷப் பாட்டு வகுப்பின் ஒலிப்பதிவு. ஆவணியில் தொண்டை ஆபரேஷன். அதற்குப்பின் காற்றுதான் வருகிறது. இனிப் பாட முடியாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. வேறு பிரதி கிடையாது.

காபி கொடுக்கும்போது கிசுகிசுத்தாள்: "சனிக்கிழமை ரம்யாவுக்கு க்ளாஸ். நான் பாடின தோடி ஆலாபனையை எடுத்து வையுங்கோ. என்னால பாடிக் காட்ட முடியாதே."

"தூசு தட்டிண்டிருக்கேன்" என்றேன்.

நவம்பர் 5, புதன்

தூறல். கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, பச்சைக் குழந்தை போல் மடியில் வைத்து, ஆட்டோவில் சிந்தாதிரிப்பேட்டை. ரிப்பேர் கடை பஷீர் பாய். இவர் கை பட்டால் அம்மிக்கல்லும் பேசும் என்று கேள்வி.

"இன்னா நைனா, பூட்ட நீயே போட்டுக்கினு, சாவிய நீயே தொலைச்சிக்கினு, என்னாண்ட வந்துகீறே?"

"ஏதாவது பண்ணுங்க பாய்."

"டிஸ்க்கு ஷோக்கா கீது. பூட்டும் ஷோக்கா கீது. அதான் பேஜாரு. அழிச்சிட்டு புச்சா போட்டுரட்டா? பத்தே நிமிஷம்."

அழிக்கவா! பெட்ஷீட்டோடு வெளியே பாய்ந்தேன். கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத அழுகையில் கூவம் கரை புரண்டது. கார்ப்பரேஷன் படகு வந்தது. நாலு வாத்துகள் என் மடியில் அடைக்கலம்.

நவம்பர் 7, வெள்ளி

தேடிய இடங்கள்: புத்தக அலமாரி, அரிசி டப்பா, செருப்புப் பெட்டி, எல்.ஐ.சி. ஃபைல். பூஜ்யம்.

பூஜை அறையில் தினசரி காலண்டர் முன் நின்றபோது மண்டையில் இடி. கிழித்த தேதித் தாளின் பின்பக்கத்தில்தானே எழுதினேன்! இந்த வீட்டில் கிழித்த தாள் எங்கே போகும்? கமலாவின் பிஸ்கட் டப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை வரும் பெண்களுக்குக் குங்குமம் மடிக்க.

வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டப்பாவைக் கவிழ்த்தாள். இல்லை. பொட்டலம் வாங்கியவர்கள் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்.

குடையோடு படையெடுப்பு. பதினொரு வீடு, பதினோராயிரம் படிக்கட்டு.

மூன்றாம் மாடி அலமேலு மாமி: "குடுத்த குங்குமத்தைத் திருப்பிக் கேக்கற மனுஷாளை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

"குங்குமம் வேண்டாம் மாமி. காகிதம்."

"சிமிழ்ல கொட்டிண்டு அப்பவே குப்பைல போட்டாச்சே."

எல்லா வீட்டிலும் இதே பதில். கடைசியாக மந்தைவெளி, ரம்யா வீடு. பர்ஸிலிருந்து எடுத்தாள். "டீச்சர் குடுத்தது மாமா. எறியத் தோணலை."

பிரித்தேன். என் கையெழுத்து! 24 எண்கள்.

கமலா ஒரு தாளை இரண்டாகக் கிழித்துத்தான் மடிப்பாள்.

பாய், போனில்: "பாதி சாவி தொறக்காது நைனா. மீதிய ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தா உன் பேரன் ஆயுசும் பத்தாது."

நவம்பர் 8, சனி

மழை விட்டது. வேட்டி இன்னும் ஈரம்.

ரம்யா வந்தாள். கமலா விரலால் காற்றில் வளைத்து வளைத்துக் காட்டினாள். ரம்யா பாடினாள். இல்லை என்று தலையாட்டல். மறுபடி. நாலாவது தடவை கமலா கையைக் கீழே வைத்துவிட்டாள். சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

ரம்யா போனபின் கமலா கேட்டாள்: "உள்ள எல்லாம் அப்படியேதானே இருக்கு?"

"ரொம்பப் பத்திரமா."

எழுதியதைத் திரும்பப் படித்தேன். பதினொரு வீடு அல்ல, நாலு. படிக்கட்டு ஏறவில்லை, லிஃப்ட். கூவம் புரளவில்லை. படகு இல்லை, வாத்து இல்லை.

பாய் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது மட்டும் நிஜம்.