கடைமடைக்கு முதல் தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

தோப்பில் தேங்காய் போட ஆள் வந்த நாள். வேலையை முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். இவர் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார். "உன்ர கேம்ல கதையே இல்ல ப்ரியா. வெறும் சேறும் மீட்டிங்குந்தான்." ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்கிற அதே குரல்.

இந்த வீட்டில் இரண்டு ஆன்லைன் கேம் ஓடுகிறது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. அத்தை பூவாத்தாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகன் ஆடுவது ராஜா கேம், மருமகள் ஆடுவது மண்ணு கேம். அவர் வைத்த பெயரே எங்களுக்கும் நிலைத்துவிட்டது.

ராஜா கேமில் கதை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சாபம் பிடித்த நாடு, எரிந்த அரண்மனை, கடைசி வாரிசு. கல்யாணமான புதிதில் இவரோடு நானும் ஒரு வருடம் ஆடியிருக்கிறேன். ராணி தன் மகன் என்று தெரியாமலே அவனை வாசலில் நிறுத்திப் பேசி அனுப்புகிற இடத்தில் அழுதிருக்கிறேன். எழுதியவர் கை தேர்ந்தவர். மண்ணு கேமில் அப்படி ஓர் இடம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ராஜா கேமில் நான்தான் கடைசி வாரிசு. இவரும் கடைசி வாரிசு. இவர் கூட்டாளிகள் அத்தனை பேரும் கடைசி வாரிசு. எல்லாக் கடைசி வாரிசுகளும் சந்தையில் வரிசையில் நின்று வாள் வாங்குகிறார்கள். ஓர் ஆறு ஓடுகிறது, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு குடம் மொண்டுகொள்ள முடியாது. வெறும் படம்.

மண்ணு கேமில் ஆறு ஆறுதான். மேலே ஒருவன் அடைத்தால் கீழே இன்னொருவன் வயல் காயும். காய்ந்தது காய்ந்ததுதான், பழையபடி ஆக்கித்தர யாரும் வர மாட்டார்கள். கேம் கம்பெனி நிலத்தையும் மழையையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கதை எங்கே என்று கேட்டால், நேற்று நாங்கள் செய்ததுதான் கதை.

இவ்வளவையும் இவரிடம் சொன்னேன். மோர் கேட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

மண்ணு கேமில் எங்கள் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். திருப்பூர், மலேசியா, இடுக்கி என்று பல பக்கம். போன அறுவடை முடிந்ததும் ஊர் கூடி மதகை என் பொறுப்பில் விட்டது. மதகு யார் கையிலோ, தண்ணீர் யாருக்கு முதல் என்பதும் அவர் கையில். என் வயல் மதகை ஒட்டியே இருக்கிறது, தலைமடை. முதல் தண்ணீரை நானே எடுத்துக்கொள்வேன் என்றுதான் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள்.

இன்று கடைமடைக்கு முதலில் திறந்தேன். நிஜத்தில் எங்கள் ஊரான பெருமாட்டியில், வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்தால் அதுதான் வழக்கம். கடைசி வயல் நனைந்து, பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். தலைமடைக்காரன் முதலில் குடித்தால் கடைமடைக்காரன் மிச்சத்தைக்கூடக் கண்ணால் பார்க்க மாட்டான். எங்கள் தோப்பு கடைமடை. அந்த வழக்கம் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை போடத் தேங்காயே இருந்திருக்காது.

கேமில் எல்லாவற்றுக்கும் கடைசி வயல் பிரதீபாவுடையது. இடுக்கிப் பக்கம் வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள், என்னைவிடச் சின்னவள். "நெசமாவே எங்களுக்கா மொதல்ல, அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நிஜம்தான் என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

போச்சு.

தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரவே இல்லை. நம்மூர் வாய்க்கால் சிமெண்ட் போட்டது, திறந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கேமில் இருப்பது மண் வாய்க்கால், வெயிலில் வெடித்துக் கிடந்தது. போகிற வழியெல்லாம் வாய்க்காலே குடித்துவிட்டது. இதை ஏன் நான் பார்க்கவில்லை? பிறந்ததிலிருந்து சிமெண்ட் வாய்க்காலையே பார்த்து வளர்ந்த புத்தி. பிரதீபா வயலும் காய்ந்தது, அவளுக்கு மேலே காத்திருந்தவர்கள் வயலும் காய்ந்தது.

திருப்பூர் மோகனசுந்தரம் பொது அரட்டையில் எழுதிவிட்டார். தலைமடையில் பெரிய வயல் அவருடையது. எங்கோ ஓர் ஊர் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த ஊரைக் காயவைத்துவிட்டேனாம். ஞாயிறு நாலு மணிக்கு வாக்கெடுப்பு. மதகு என்னிடம் இருப்பதா, அவரிடம் போவதா என்று. நான் போய் நிற்காவிட்டால் பேச்சே இல்லாமல் போய்விடும்.

தப்பு வாய்க்காலைப் பார்க்காததில். வழக்கத்தில் இல்லை. அதை என் வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

அதே ஞாயிறு, அதே நாலு மணி. ராஜா கேமில் இவர் கூட்டத்துக்கு நாகத்தோடு பெரிய சண்டை. அடிபட்டவர்களைப் பிழைக்க வைக்க ஒரு மருத்துவச்சி வேண்டும். பழைய மருத்துவச்சி நான்தான். "ப்ரியா வருவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"எனக்கும் நாலு மணிக்குத்தானுங்க ஓட்டு," என்றேன்.

"அது சும்மா மீட்டிங்குதான புள்ள. ஒரு நாளைக்கு உட்டாத்தான் என்ன?"

"உங்க நாகம் அடுத்த ஞாயித்துக்கிழமயும் அங்கயேதானுங்க உக்காந்திருக்கும். நீங்க கொன்னாலும் உக்காந்திருக்கும். எங்கூர்ல ஓட்டு ஒருக்காத்தான்."

முகம் சுருங்கிவிட்டது. கூட்டாளிகள் முன்னால் மானம் போகுமாம். இவர் மானம் மானம், என் மானம் கொடியில் காய்கிற துணியா?

போக மாட்டேன். நாளைக்கு மனசு இளகினால் படிப்பதற்காக எழுதி வைக்கிறேன். போக மாட்டேன், போக மாட்டேன், போகவே மாட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இவர் முன்னறையில் கம்ப்யூட்டரில். நான் சமையலறை மேசையில் லேப்டாப்பில். அத்தை இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

என் நேரம் வந்ததும் சொன்னேன். வாய்க்காலைப் பார்க்காதது என் தப்பு. முதலில் கொஞ்சம் விட்டு வாய்க்காலை நனைத்து, மண் ஊறிய பிறகு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இனி அப்படிச் செய்வேன். ஆனால் கடைமடைக்குத்தான் முதலில்.

மோகனசுந்தரம் நயமாகத்தான் பேசினார். தலைமடைக்கு முதல் என்று மாற்றிக்கொண்டால் மதகை நானே வைத்துக்கொள்ளலாமாம், யாருக்கும் பகை இல்லையாம். கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. மதகு கையில் இருந்தால் பிறகு மெல்ல மாற்றலாமே என்று ஒரு யோசனை. மெல்ல மாற்றுகிறவர்கள் யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை. மாட்டேன் என்றேன்.

தோற்றேன். நன்றாகவே தோற்றேன்.

பிரதீபா தனியாகக் கூப்பிட்டாள். "தோத்தாலும் நீங்க சொன்னதுதாம்க்கா சரி. நா வயல உட்டுட்டுப் போவ மாட்டேன், நீங்களும் போயிராதிய."

முன்னறையில் நாகம் ஜெயித்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

எங்களுக்குள் பேச்சில்லை. தோற்றது யார் என்று அத்தை கேட்டார். ரெண்டு பேருமுங்க என்றேன். "அப்பச் சரி," என்று தோசை ஊற்றப் போய்விட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மோகனசுந்தரம் தலைமடைக்கு முதலில் திறக்கிறார். கடைமடை வெளுத்துக் கிடக்கிறது.

ஆனால் ஊரில் ஒரு விதி இருக்கிறது. அவரவர் முறையில் வருகிற தண்ணீர் அவரவருக்கு, அதை என்ன செய்தாலும் மதகுக்காரர் கேட்க முடியாது. இன்று என் முறை. என் வயலின் மடையை அடைத்தேன். கொஞ்சம் விட்டு வாய்க்காலை நனைத்தேன், ஊறுகிறவரை காத்திருந்தேன், மிச்சம் முழுவதையும் கீழே விட்டேன். பிரதீபா வயலில் பாதிதான் நனைந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது.

என் வயலில் இந்தப் பருவம் ஒன்றும் விளையாது. விளையாவிட்டால் போகிறது. யாருக்காக இந்த வீம்பு என்று மோகனசுந்தரம் கேட்டார். எனக்காகத்தானுங்க என்று எழுதினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ராஜா கேமில் கதை முடிந்தது. அடுத்த பாகம் எப்போதோ வருமாம். முடிவைப் பார்க்க இவர் கூப்பிட்டார். போனேன். கோபம் கோபம்தான், முடிவு தெரிய வேண்டாமா?

ராணி மகனை அடையாளம் கண்டுகொண்டாள். மறுபடியும் அழுதேன், என்ன செய்வது. "உன் ஒருவனால் இந்த நாடு பிழைத்தது" என்றாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் இவர் கூட்டாளிகள் ஒவ்வொருவராக அதே காட்சியைப் படமெடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாப் படத்திலும் அதே ராணி, அதே வசனம், நடுவில் மட்டும் வேறு வேறு பெயர்.

இவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "நாகத்துகிட்ட நாங்க தோத்தத அந்த ராணி ஒரு வார்த்த சொல்லுல பாத்தியா," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் லேப்டாப்புக்குத் திரும்பினேன்.

மார்ச் 1, ஞாயிறு

மண்ணு கேமில் எங்கள் ஊரில் சேர ஒரு புது விண்ணப்பம். நவீன்குமார், பெருமாட்டி. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

எதிர்த்து வாக்களித்தேன். என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தவர், என்னைக் கேட்காமல் என் ஊருக்கும் வருகிறார். மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கடைமடையில்தான் நிலம் காலியாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

வயிறு எரிகிறது.

இவர் ஊருக்கு ஒரு மனு எழுதினார். ராஜா கேமின் நடையிலேயே. கடைமடையில் விதைத்துவிட்டு மதகுப் பக்கமே பார்த்து நிற்கிற ஒருவன், மேலே பச்சையாக ஆடுகிற பயிர், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற தண்ணீர்ச் சத்தம். நன்றாகத்தான் இருந்தது. ஊரே உருகிவிட்டது. மோகனசுந்தரமே பாராட்டினார். இனிமேல் கடைமடைக்கு முதல் என்று முடிவாகிவிட்டது.

நான் சொன்னதுதான அது? ஒரு மாசமா நான் தொண்ட வத்தக் கத்துனதுதான? வயலக் காயப்போட்டு நான் காட்டுனப்ப வீம்பு. அதையே ஒரு ஆம்பள அலங்காரமா எழுதுனா ஞாயமா?

இதில் மதகையும் இவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். இவரும் சரி என்றுவிட்டார். ஞாயிறு வாக்கெடுப்புக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டு நேரே முன்னறைக்குப் போனேன்.

"நானும் நிக்கிறனுங்க. உங்களுக்கு எதிரா."

"நில்லு புள்ள."

"விட்டுக் குடுக்கறேன் கிட்டுக் குடுக்கறேன்னு வந்தீங்கன்னா இருக்குது."

"விட்டுக் குடுத்தா நீ சும்மா உடுவியா?" என்றார். அப்புறம், "மனு எழுதறதுக்கு முன்னால உன்னையக் கேட்டிருக்கோணும்," என்றார்.

ஆமாம், கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஜெயித்தேன். கடைமடைக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். வாய்க்காலை நனைத்துக் காட்டியது யார் என்று பிரதீபாதான் கூட்டத்தில் கேட்டாள். இவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் போட்டிருந்தால் கோபம்தான் வரும்.

மார்ச் 19, வியாழன்

மாலை மதகைத் திறந்தேன். முதலில் கொஞ்சமாக, வாய்க்காலுக்கு. மண் ஊறக் காத்திருந்தபோது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, எங்க வயலுக்கு எப்பங்க?"

"பிரதீபா வயல் நனஞ்சதுக்கப்புறம்," என்றேன்.

காத்திருக்கிறார்.