ஷட்டர் பொறுப்பு

செப்டம்பர் 26

காலாண்டுத் தேர்வு முடிந்தது. விழுப்புரம் கண்காட்சிக்கு எங்கள் பெட்டி தேர்வாகிவிட்டது. பாலில் எவ்வளவு தண்ணீர் என்று லேசர் வைத்துக் கண்டுபிடிக்கும் பெட்டி. லேசர் வேலை எல்லாம் என் கூட்டாளி ரோஜாவுக்கு. எனக்கு ஷட்டர் பொறுப்பு. உள்ளே இருக்கும் பால் குப்பியை எடுத்துவிட்டால், லேசர் ஒளி நேராக, நாம் பார்க்கும் ஓட்டைக்கே வந்துவிடும். அதற்கு முன் பட்டனை அமுக்கினால் ஒரு தகரத் துண்டு விழுந்து ஓட்டையை அடைக்கும். தினமும் லேசர் போடும் முன் மூன்று முறை அமுக்கிப் பார்த்து நோட்டில் டிக் போட வேண்டும். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

லீவுக்குள் வந்துவிடும் என்று இன்றே லேபில் ஆயுத பூஜை. சக்கரபாணி சார் தராசு, பீக்கர், எலும்புக்கூடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். எங்கள் பெட்டிக்குக் கொஞ்சம் தாராளமாகவே.

அக்டோபர் 6

கவிதா அக்கா இதைப் படித்தால் நான் செத்தேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

லீவு முடிந்து லேப் திறந்தார்கள். மூன்று முறை அமுக்கினேன். மூன்று முறையும் டக் என்றது. டிக் போட்டேன். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது ரோஜாவின் புது வளையலை. படம் எடுக்க சார் தன் போனை ஓட்டையில் வைத்தார். நான் அமுக்கினேன் — டக். ரோஜா குப்பியை எடுத்தாள்.

திரை முழுக்கப் பச்சை. அப்புறம் நட்டநடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு ரோஸ் கலர் கோடு.

“என்னாம்மா இது?” என்றார் சார்.

“சார்ஜ் கம்மியா இருக்கும் சார்,” என்றாள் ரோஜா.

அவர்கள் போனதும் குனிந்து பார்த்தேன். தகரத்தின் கீலில் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. தகரம் அசையவே இல்லை; லேசர் நேராகப் போன் கேமராவில் அடித்திருக்கிறது. டக் என்றது பட்டன் மட்டும். நான் காதால் சோதித்திருக்கிறேன்.

காம்பஸ் முனையால் சுரண்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பொட்டைப் பிள்ளைக்கு லேசர் எதுக்கு என்று அப்பா ஏற்கெனவே கேட்டாயிற்று.

அக்டோபர் 7

கோடு போகவில்லை.

அக்டோபர் 9

காலை வணக்கக் கூட்டத்தில் எச்.எம். பேசுவதை சார் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கோடு சரியாக மூக்கின் மேல். “எம் மூஞ்சில யாரு சார் கோடு கிழிச்சது?” என்று கேட்டாராம். யார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 12

சார் வீட்டம்மாவுக்குப் பிறந்தநாள். இரண்டு பேரும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் யாரையோ எடுக்கச் சொல்லி ஒரு படம். இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் என் கோடு. வாய்க்கால் தகராறில் வரப்பு போட்ட மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

அக்டோபர் 13

“திருஷ்டியாம்மா. வூட்ல எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க,” என்றார் சார். போனின் முதுகில் சந்தனம். மறுபடியும் சந்தனம்!

அக்டோபர் 14

“கேஸ ஆஃப் பண்ணிட்டு, ஆஃப் பண்ணிட்டனான்னு நாலு வாட்டி பாத்துக்கினு நிக்கிறாம்மா. இவளுக்கு எதுவோ புடிச்சிருக்கு,” என்று அக்கா அம்மாவிடம் சொல்கிறாள்.

அது பரவாயில்லை. சார் இன்று சொன்னதுதான் தூங்க விடவில்லை. “போன நம்பிப் பிரயோசனம் இல்ல. விழுப்புரத்துல புள்ளைங்க கண்ண வெச்சே பாக்கட்டும்.”

கண்ணை. அந்த ஓட்டையில். தகரம் மறுபடி மாட்டிக்கொண்டால்? கண்ணில் விழும் கோட்டுக்கு யார் சுற்றிப் போடுவது?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 15

சொல்லவில்லை.

அக்டோபர் 16

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. பெட்டி என் மடியில். பஸ் கிளம்பும் முன் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். “வூட்ல குடுத்தாங்க. நல்ல காரியத்துக்குப் போறோம், ஒரு பொட்டு வெச்சிடலாம்.” விரலில் சந்தனம். விரல் நேராக ஷட்டர் பக்கம் வந்தது.

பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “வெக்காதீங்க சார். தகரம் ஒட்டிக்கினுதான் உங்க போனு போச்சு. நான் பாக்கல சார். டக்குன்னுச்சு, டிக் போட்டுட்டேன்.”

சார் விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டும் விரல் இறங்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில்தான் பேசினார்.

“சந்தனம் வெச்சது நான்தானா?”

“ஆமாம் சார்.”

விழுப்புரம் வந்ததும் விரலைத் தன் நெற்றியிலேயே துடைத்துக்கொண்டார். “எங்க வூட்டம்மாகிட்ட திருஷ்டின்னே இருக்கட்டும்மா.” கொஞ்ச தூரம் நடந்து திரும்பினார். “ஷட்டர் பொறுப்பு இன்னும் உன்னுதுதான். கண்ணால பாரு.”

பார்த்தேன். குப்பியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அமுக்கி, குனிந்து, தகரம் ஓட்டையை மூடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ரோஜாவுக்குத் தலையாட்டினேன். வரிசை வாசல் வரை போனது. “கும்பாபிஷேகம் பண்றியா, ஜல்தி தலைய ஆட்டுடி,” என்றாள் ரோஜா.

நடுவராக வந்த அம்மா கவனித்துவிட்டார். “இத்தினி வாட்டி குனியிறியே, எப்பனா மாட்டிக்கிச்சா?”

“இல்லவே இல்ல மேடம்,” என்றாள் ரோஜா.

“ஒரு வாட்டி,” என்றேன். நோட்டைத் திறந்து ஆறாம் தேதி டிக்கைக் காட்டினேன். காலையிலேயே அதை அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்காமலே சார் போனை எடுத்து, திருவாமாத்தூர் படத்தை நீட்டினார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். “இதுல ரெண்டு பேருக்கும் சண்டையா சார்?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் பரிசு. பஸ்ஸில் ரோஜா என்னோடு பேசவில்லை. ஆனால் தேவனூர் வரும்போது தான் உரித்துத் தின்றுகொண்டிருந்த மல்லாட்டைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

அக்டோபர் 17

எச்.எம். அறையில் மாட்டுவதற்காக சார் எங்களைப் பெட்டியோடு அதே போனில் படம் எடுத்தார். கோடு எங்கே விழும் என்று ரோஜாவுக்கும் தெரியும், ஓரமாக நகர்ந்துகொண்டாள். நான் நடுவில் போய் நின்றேன்.