தெரியுமுங்க என்று சொன்ன வாய்

புதுச்சத்திரம்
9-11-1983

என் மகன் மருதாசலத்துக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம், இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. நீயாவது அந்தப் பிலாய்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும்.

உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா தடுத்து வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன். ஆடி லீவு முடிந்து நீ ரயிலேறிப் போன நாலாம் நாள், காண்ட்ராக்டர் கருப்பண்ணனின் ஆட்கள் ஆறு பேர் கடப்பாரையோடு தோட்டத்துக்குள் வந்து மோட்டார் ரூமை இடித்தார்கள். தடுக்கப் போன அப்பாவை வரப்பில் தள்ளி வலது மணிக்கட்டை மிதித்தே உடைத்தார்கள். கட்டு பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை, இடது கையால் சாப்பிடுகிறார். நான் களைக்கொத்தை வீசினேன், ஒருவன் காது கிழிந்து ரத்தம் கொட்டியது, கழுத்தில் பட்டிருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பேன், அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை. நீ பார்க்கச் செத்ததே தாய் எருமை, அதன் கன்றும் அதே மாதிரி கண் தெரியாமல் தலையைச் சுவரில் மோதி மோதிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்துப் பெயிண்டில் இருக்கிற ஈய விஷம் என்று எழுதிக் கொடுத்தார். கருப்பண்ணன் கட்டுகிற மில் கட்டடத்து இரும்புக்கெல்லாம் அடித்த சிவப்புப் பெயிண்டைக் கழுவி, நம் கிணற்றில் இறங்குகிற ஓடையில்தானே அவன் விட்டான்.

சேலத்திலிருந்து தண்ணீர் மாசு வாரியத்து ஆபீசர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து சீல் வைத்துக் கேஸ் போட்டுவிட்டார். மில் முதலாளி, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார். கருப்பண்ணன், எனக்கு ஒன்றும் தெரியாது, கூலியாட்கள் எங்கே கொட்டினார்களோ என்கிறான். வக்கீல் நசுருல்லா சட்டத்தைத் தமிழில் சொன்னார், தெரிந்தே விஷத்தைத் தண்ணீரில் விட்டவனும், தெரிந்தே விடட்டும் என்று இருந்தவனும் குற்றவாளியாம். அந்தத் ‘தெரிந்தே’யில்தான் கேஸ் நிற்கிறதாம். நீ லீவில் இங்கே இருந்தபோது அப்பா போய்க் கேட்டாரே, அன்று அவன் கையைக் கட்டிக்கொண்டு, தெரியுமுங்க, நாந்தானுங்க அங்க உடச் சொன்னேன், வேற எங்கீங்க உடறது என்றான். விஷத்தை ஊற்றிவிட்டு அதற்கு ஒரு ‘ங்க’ வேறு. அந்த மரியாதையைத்தான் அப்பாவால் பொறுக்க முடியவில்லை, மண்வெட்டிக் காம்பால் வாயிலேயே போட்டார், முன்பல் இரண்டும் மண்ணில் விழுந்தன, அதற்குப் பழியாகத்தான் அந்த ஆறு பேரை அனுப்பினான். இப்போது அந்தப் பொக்கை வாயோடு போய், பெரியவங்க சத்தம் போட்டாங்க, மரியாதைக்குத் தெரியுமுங்கன்னு சொல்லி வெச்சேன், வேற ஒண்ணும் பேசலீங்க என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அப்படிச் சொல்கிறவர்கள்தானே, கோர்ட்டு நம்பிவிடும் என்கிறார் வக்கீல். நாந்தான் உடச் சொன்னேன் என்ற மீதிப் பேச்சைக் கேட்டவர்கள் மூன்று பேர். அப்பா அடித்தவர், அவர் சொல் எடுபடாது. சித்தாள் செல்லாயி அவனிடம் கூலி வாங்குகிறவள், கேட்டால் அழுகிறாள். மூன்றாவது ஆள், அப்பாவை இடுப்போடு பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நீ.

சமாதானமாகப் போய்விடுங்கள், நான் இருப்பதும் கட்டடக் கம்பெனி, சாட்சி சொன்னால் வேலை போகும் என்று எழுதியிருந்தாய். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, அடுப்பில் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயியின் கைக்குழந்தைக்கு வலிப்பு வருகிறது, அவர்களும் நம் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தார்கள். தெரிந்தே விடட்டும் என்று இருந்தவன் என்று வக்கீல் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் வந்தது. பெற்றவள் இப்படி எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. மாரியாத்தாள் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு நாமக்கல் கோர்ட்டு, சாட்சிப் பட்டியலில் உன் பெயரை நானே எழுதச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டும் நீ வரவில்லை என்றால், பொங்கலுக்கும் வராதே சாமி.

உன் அம்மா
சௌந்திரம்