செல்லப்பன் மோட்டார் கடை திறந்திருக்கிறது

26 பிப்ரவரி 2024
அண்ணன் ஐயாசாமியின் கருமக்கிரியை நேற்று அவர் ஊரான லாயாங் லாயாங்கில் முடிந்தது. இன்று மாசாயில் என் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடையைத் திறந்தேன். பதினாறு நாளும் ஷட்டரைத் தூக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒரு மோட்டாரும் வரவில்லை. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

28 பிப்ரவரி
இன்றும் யாரும் இல்லை.

2 மார்ச்
தொழிற்சாலையில் வேலை செய்யும் ஹபீஸ் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தான். "அலமாக்! அங்கிள் உயிரோட இருக்கீங்களா?" என்று மலாயில் கேட்டான். "தொட்டுப் பாரு" என்றேன்.

தன் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினான். என் கடையின் பெயருக்குக் கீழே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’. அதற்கும் கீழே எனக்கு அனுதாபச் செய்திகள்!

மருமகள் லோஷினி செய்த வேலை. அண்ணன் இறந்த அன்று அவர் படத்தை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். எனக்கிருக்கும் அதே வழுக்கை, அதே மீசை. என் கடை வாசலில் நிற்கிறார். மரணச் செய்தி தமிழில். தமிழ் தெரியாதவர்கள் அவர் தலைக்கு மேல் கடைப் பலகையிலிருந்த ‘செல்லப்பன்’ என்ற என் பெயரைப் படித்தார்கள். ஷட்டரும் இறங்கியிருந்தது. அப்புறம் என்ன, யாரோ வரைபடத்தில் என் கடையை மூடிவிட்டார்கள்.

என் போன். என்னைக் கேட்டாளா?

3 மார்ச்
மகன் கமலநாதன் ஸ்கூடாயிலிருந்து கூப்பிட்டான். "மேப்பே மூடிருச்சுப்பா. மே மாசம் வாடகை அக்ரிமெண்ட் முடியுதுல்ல, சாவியக் கொடுத்துட்டு இங்க வந்துருங்க."

"எவனோ போனைத் தட்டுனா என் கடை மூடிருமாடா?"

வைத்துவிட்டேன். ஆனால் ஆள் வராவிட்டால் மே மாதம் அவன் சொன்னதுதான் நடக்கும்.

9 மார்ச்
லோஷினி திட்டத்தோடு வந்தாள். புதுப் பெயர், புதுப் பக்கம், பலூன், பாட்டு, தள்ளுபடி.

"மார்க்கெட்டிங்னா கொஞ்சம் இறங்கிப் போகணும் மாமா."

"உசுரோட இருக்கிறதுக்கெல்லாம் தள்ளுபடியா?"

முகம் சுருங்கிப் போனாள். போகட்டும். ஆனால் ஒன்று சொன்னாள்: கடையை வீடியோ எடுத்து அனுப்பி, இது என்னுடையது என்று நிரூபித்தால் வரைபடத்திலுள்ள பழைய பக்கத்தையே மீட்கலாமாம். உபயோகமான சங்கதிதான். அவளிடம் சொல்லவில்லை.

11 மார்ச்
நானே எடுத்தேன். பலகை, சாவி போட்டு ஷட்டர் தூக்குவது, காற்றடிக்கும் கம்ப்ரசர், ஸ்பேனர்கள். முதல் வீடியோவில் என் கட்டைவிரல்தான் தெரிந்தது. மறுபடி எடுத்து அனுப்பினேன். இன்ஜினைப் பிரித்துப் பிரித்துத்தானே தொழில் கற்றேன், இது என்ன பெரிய விஷயம்?

17 மார்ச்
‘திறந்திருக்கிறது’ என்று வந்துவிட்டது. ஆட்கள்தான் வரவில்லை.

அனுதாபங்களை உட்கார்ந்து படித்தேன். ‘முசுடு, ஆனால் ஏமாற்றமாட்டார். ஆன்மா சாந்தியடையட்டும்.’ முசுடா? எழுதியவன் பெயரைப் பார்த்ததும் அவன் மோட்டார் ஞாபகம் வந்தது. பதில் போட்டேன்: ‘நான் சாகவில்லை. உன் செயின் தொங்குகிறது. வா.’

எழுதிய பிறகு ஒரு தெம்பு. ஒருவரையும் விடவில்லை. பின் பிரேக் தேய்ந்தவர், எண்ணெய் மாற்றாதவர், மொட்டை டயரில் ஓடுகிறவர் — அவரவர் மோட்டாரின் கோளாறைச் சொல்லி, அவரவருக்கு நன்றியும் சொன்னேன்.

20 மார்ச்
என் பதில்களைப் படமெடுத்துத் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுக்களில் ஓட விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கடை முன்னால் மோட்டார் நிறுத்த இடமில்லை.

"அங்கிள் வைரல் லா!" என்றான் ஹபீஸ்.

"வைரல் கிடக்கட்டும், வண்டிய ஓரமா தள்ளு."

முசுடு என்றவனும் வந்தான். செயின் நான் சொன்னபடியேதான் தொங்கியது. தள்ளுபடி கொடுக்கவில்லை.

12 மே
அக்ரிமெண்டைப் புதுப்பித்தேன். கமலநாதன் வந்து பார்த்தான். "சரி லா அப்பா" என்றான். புறப்படும்போது, "கார்ல ஏதோ சத்தம் வருது, பாருங்களேன்."

"இது மோட்டார் கடை" என்றேன். என்றாலும் பானெட்டைத் திறந்து பார்த்தேன்.

29 ஜனவரி 2025
திதிப்படி நாளை அண்ணனுக்குத் தலைத்திவசம். லோஷினி கூப்பிட்டாள்.

"பெரிய மாமா படம் ஸ்டேட்டஸ்ல போடலாமா மாமா?"

கேட்டுவிட்டாளே.

"போடும்மா. பலகை தெரியாத படமா பாத்துப் போடு."

வரைபடத்தில் நானே குறித்தேன்: ‘நாளை மட்டும் விடுமுறை.’ சற்று நேரத்தில் ஹபீஸ் செய்தி அனுப்பினான். நாளை மறுநாள் திறப்பேனா என்று மலாயில் கேட்டிருந்தான்.

‘புக்கா’ என்று பதில் போட்டேன். திறப்பேன்.