வாசல் பெஞ்சில் டாக்டர்

அண்ணா,

விமானம் ஏறும் முன் இதைப் படித்துவிடு. நம் குடும்ப டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். பதினோரு நாளும் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மூச்சு மெஷினை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விடாதீர்கள் என்று நர்ஸிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இன்று காலை அவரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மெஷின் வேண்டாம்னு போன வருஷமே உங்கப்பா சொல்லிட்டாரும்மா. 'என் பொண்ணு வாயால அதைச் சொல்ல வைக்காதீங்க, நீங்களே சொல்லிடுங்க'ன்னார்."

மெஷினை நிறுத்தும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள அவரையும் உள்ளே கூட்டிப்போனேன். இவர் யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"எங்க சித்தப்பா" என்றேன்.

நீ பதறாமல் வா. இனி அவசரம் இல்லை.

உன் தங்கை