துப்பாக்கி பிறந்த வருஷம்

அன்புத் தம்பிக்கு, ஸலாம்.

லைசென்ஸ் வைத்திருந்த அத்தா மௌத்தாகி இல்லாமல் போன பிறகு அவருடைய ரைஃபிளை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். நேற்று அம்மாவும் நானும் தஞ்சாவூர் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். கடைக்காரர் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு மேலிருந்த இரும்பைத் துடைத்து முத்திரையைப் படித்தார். "1949ல செஞ்சதுங்க. பட்டாளத்துல கழிச்சு ஏலம் விட்டது" என்றார்.

தாத்தா பர்மா சண்டையில் சுமந்தது என்று அத்தா சொன்னதை நீ நம்பவில்லை. அதில் அத்தாவோடு மூண்ட சண்டையோடுதான் மஸ்கட் போனாய். பர்மா யுத்தம் 1945லேயே முடிந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி.

நான் தயங்கி அம்மாவைப் பார்த்தேன்.

"ஏலம் எடுக்கறப்ப நானும்தான் கூட இருந்தேன். உன் தம்பிகிட்ட ஒத்துக்க அத்தாவுக்கு வாய் வரல. ஆனா போன் அடிச்சா, அவன்தானான்னு கேப்பாரு" என்றார் அம்மா.

பெருநாளுக்கு லீவு கிடைக்குமா?

உன் அக்கா