எண்பத்தைந்தா, தொண்ணூறா

இன்று காலை அலுவலகத்தில் யாரோ ஒரு புதுப் பெட்டியை உடைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்ததும் நுரைப்பஞ்சும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. உள்ளே ஏதோ காருக்கான சுவிட்சுகள். வாளியைக் கீழே வைத்துவிட்டு உன் கதிரையில் இருந்துவிட்டேன். நீ போய் இரண்டாவது மாரியும் வந்துவிட்டது, இன்னும் அதை உன் கதிரை என்றுதான் சொல்லுகிறேன். ஒரு கால் ஆடுகிறதென்று மூலையில் தள்ளிவைத்த கதிரை அது. உனக்குப் பார்த்துப் பார்த்து அதைத்தான் தந்தார்கள்.

இனி உனக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? ஒரு பயனும் இல்லை. நீ வாசிக்கப்போவதில்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன். நீ இருக்கும்போது இந்த வாய்க்குள் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் இங்கே சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? இந்த இத்தாலித் துறைமுகத்துக்கு எதிரே, கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அலுவலகம். நீ மன்னார், நான் வன்னி. ஒப்பந்தத்தில் இருவருக்கும் ஒரே சொல், துப்புரவு. ஆனால் நீ கொழும்பில் எட்டு வருடம் இதே சுங்கப் பத்திர வேலையை மேசையில் இருந்து செய்துவிட்டு வந்தவள். அதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. முதலாளி, எல்லோரும் தொத்தோரே என்று கூப்பிடுகிற அந்த மனிதர், ஒரு காலை தொலைபேசியில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தார். காரில் பூட்டுகிற சாமான் எல்லாம் கார்ப் பாகம்தானே, சுங்கவரிப் புத்தகத்தில் எண்பத்தேழாம் அத்தியாயம்தானே என்பது அவருடைய வாதம். நீ தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மேசையில் கிடந்த மாதிரிச் சாமானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, உன்னுடைய உடைந்த இத்தாலியனில், "இது எண்பத்தேழு இல்லை" என்றாய்.

"எடியே, உனக்கென்ன விசரா? வேலை போகப்போகுது!" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

வேலை போகவில்லை. வேலை கூடியது. காருக்கான மின்னணுச் சாமான்கள் எது வந்தாலும் முதலில் உன் கைக்கு வந்தது. எந்த அத்தியாயத்தில் எந்த எண்ணில் அது அடங்கும் என்று நீ சொல்லுவாய், தொத்தோரே கையெழுத்து வைப்பார். கணினியில் உன் பெயர் போகக்கூடாது, நீ துப்புரவுக்காரி. அதனால் எண்ணை ஒரு மஞ்சள் துண்டில் எழுதி மாதிரிச் சாமானின் மேலேயே ஒட்டிவிடுவாய். எழுதுவினைஞர் அதைப் பார்த்துத் தட்டச்சுச் செய்வார். அந்த அலுவலகத்தில் உன் எழுத்து இருந்த ஒரே இடம் அந்த மஞ்சள் துண்டுதான்.

போர்கோ வெக்கியோச் சந்தைக்குள்ளால் வீட்டுக்கு நடக்கும்போது எனக்கும் சொல்லுவாய். "எங்கை பூட்டுறது எண்டு கேளாதை. என்ன செய்யுது எண்டு கேள்." தானே அளந்து, ஒப்பிட்டு, திருத்துகிற பெட்டி என்றால் தொண்ணூறாம் அத்தியாயம். சொன்னதை மட்டும் செய்கிற பெட்டி என்றால் எண்பத்தைந்து.

"அப்ப நாங்கள் எண்பத்தைந்தடி," என்றேன்.

"ஓமடி, சொன்னதை மட்டும் செய்யிற ஆக்கள்!" மீன்கடைக்காரன் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

நீ ஏன் அப்படி முறிந்து வேலை செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் மகள். மூன்று வயதில் உன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை. பதினெட்டு ஆவதற்குள் விண்ணப்பம் போட்டால்தான் அவளை இங்கே எடுக்கலாம். அதற்குப் பிறகு இல்லை. அரைநேரத் துப்புரவு ஒப்பந்தத்தைக் காட்டினால் யாரும் ஏற்கமாட்டார்கள். முழுநேர அலுவலக ஒப்பந்தம் வேண்டும். பெரிய இறக்குமதிக்காரர் ஒருவரின் சாமான் சிக்கலில்லாமல் சுங்கத்தைத் தாண்டட்டும், மறுநாளே ஒப்பந்தத்தை மாற்றித் தருகிறேன் என்று தொத்தோரே சொல்லியிருந்தார். பிள்ளைக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் இருந்தது. நீ வியா மக்வேதாக் கடைத்தெருவில் அவளுக்கு ஒரு குளிர்ச்சட்டைகூட வாங்கிவிட்டாய். "அளவு தெரியாமல் என்னத்துக்கடி இப்பவே?" என்று ஏசினேன். "பெரிசா இருந்தா என்ன, வளருவாள்தானே," என்றாய்.

அந்தச் சாமானில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருந்தன. ஒரே அளவு, ஒரே நிறம், வயர் பூட்டுகிற வாயும் ஒரே மாதிரி. ஒன்று எஞ்சின் சூட்டைத் தானே அளந்து காற்றாடியைக் கூட்டிக் குறைப்பது. மற்றது பொத்தானை அழுத்தினால் கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்குவது. நீ இரண்டையும் திறந்து பார்த்து, துண்டு எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த நாள் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்க குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போனாய். "மேசையை ஒருக்காத் துடைச்சுவிடு, தொத்தோரே கத்துவார்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய்.

துடைத்தேன். மருந்தடித்து, மேசையையும் துடைத்து, பெட்டிகளையும் துடைத்தேன். யார் என்னைப் பெட்டியைத் துடைக்கச் சொன்னது? ஈரத்தில் துண்டுகள் இரண்டும் கழன்று விழுந்தன. எடுத்து ஒட்டினேன். எது எதில் இருந்ததென்று ஒரு கணம் யோசித்தேன், அவ்வளவுதான். துண்டு துண்டுதானே என்று நினைத்திருப்பேன். துடைக்கிறவளுக்குச் சாமான் பளிச்சென்று இருந்தால் போதும்.

சுங்கத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு எண்ணும் பிழை. இறக்குமதிக்காரர் தன் வேலையை வேறு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். தொத்தோரே எங்கள் இருவருக்கும் முன்னால் நின்று, "என் குற்றம்தான். துப்புரவுக்காரியின் பேச்சைக் கேட்டேன்," என்றார். உன்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். கோப்பில் இருந்த மாதிரிச் சாமானின் படத்தை உன்னிடம் நீட்டினார்கள். கண்ணாடி ஏற்றி இறக்குகிற பெட்டியின் மேல் தொண்ணூறு, உன் கையெழுத்தில்.

நீ நெடுநேரம் அதைப் பார்த்தாய். பிறகு, "என்ர எழுத்துத்தான். கைரேகை யோசினையில மாறி ஒட்டிப்போட்டன்," என்றாய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பாவி, அப்போது சொல்லியிருக்கலாம். என் பெர்மெஸ்ஸோவும் அந்த மாதம் முடிய இருந்தது; வேலை போனால் எனக்கும் ஒன்றுமில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று உன் பிள்ளைக்குப் பதினெட்டும் ஆகிவிட்டது. அன்று நீ சியாகுல்லி மந்தரீன் பழம் ஒரு பை வாங்கிவந்து, "பிள்ளையின்ர பிறந்தநாள், சாப்பிடு," என்று உரித்துத் தந்தாய். நான் சாப்பிட்டேன். அதையும் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நீ சாமான்களைத் தொடவில்லை. யாராவது மாதிரி எடுத்து நீட்டினாலும், "எனக்குத் தெரியாது, கண் பிடிக்குதில்லை," என்பாய். அடுத்த மாரியில் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஓரத்தில் இருந்து எத்தனை நாள் வாயைத் திறந்திருப்பேன்! நீ முந்திக்கொண்டு, "உனக்கு வேலைக்கு நேரமாகுது, போ," என்பாய். கடைசி நாளிலும் போனேன். மகளால் வரமுடியவில்லை, பத்திரம் சரிவரவில்லை. உன் அடக்கப் பூசை முழுவதும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அங்கே அவள் அழுதது கோவிலுக்கே கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தொலைபேசி எடுத்தாள். குரல் அப்படியே உன்னுடையது. கொஞ்சம் கதைத்துவிட்டு, "அன்ரி, அம்மா கடைசியா என்னட்ட மன்னிப்புக் கேட்டவ. தான் விட்ட ஒரு பிழையாலதான் என்னைக் கூப்பிட ஏலாமப் போச்சாம். அப்பிடி என்ன பிழை அன்ரி அது?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து, உனக்குச் சொல்லவேண்டியதை உன் பிள்ளைக்குச் சொன்னேன். "அம்மா பிழை விடேல்லை பிள்ளை. நான்தான் மாத்தி ஒட்டினது. துடைக்கேக்க கழண்டு விழுந்தது, நான்தான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லச் சிரித்தாள். "விடுங்கோ அன்ரி, எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுறியள். அம்மா சொன்னவ, அன்ரி நல்லவ, அம்மாவைக் காப்பாத்த எண்டால் அம்மாவின்ர பிழையையும் தன்ர எண்டு சொல்லுவா எண்டு. அப்பிடியே செய்யிறியள்."

நான் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லி நம்பவைத்திருக்கவேண்டும்.

"ஓம் பிள்ளை," என்றேன்.